மேயருக்காக நான் சொன்ன மன்றாட்டு

அனீற்றா, ஜெரோம்,

வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் இருவரும் அந்தக் கதையை எடுத்துவிடுகிறீர்கள். வந்தவர் சப்பாத்தைக் கழற்றி முடித்திருக்க மாட்டார். அதற்குள் "அப்பா மேயரை முழந்தாளில் நிற்பாட்டினவர்" என்று தொடங்கிவிடுவீர்கள். அதுவும் டேனிஷில். டேனிஷில் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வேகம் போதாது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்களை மழையிலும் பனியிலும் ஏற்றி இறக்கியதற்கு இதையாவது வாசியுங்கள். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். (அம்மா தன் பங்குக்கு இரண்டு பொய் சேர்ப்பா. அதை நம்ப வேண்டாம்.)

முதலில் ஒரு திருத்தம். மேயரை நான் முழந்தாளில் நிற்பாட்டவில்லை. எழும்பி நிற்கத்தான் சொன்னேன். அவர் மட்டுமல்ல, மண்டபத்தில் இருந்த எல்லாரும் எழும்பினார்கள். அதுதான் என் கெட்ட காலம். ஒருவராவது எழும்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அப்போது எங்கள் வீட்டில் டென்மார்க் குடியுரிமை இல்லாத ஒரே சீவன் நான். அம்மா எப்போதோ சோதனை எழுதி எடுத்துவிட்டா. அவவோடு சேர்த்து உங்களுக்கும் கிடைத்துவிட்டது. நான் அதே சோதனையில் விழுந்து எழும்பி, எழும்பி விழுந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்தில் நீங்கள் மூவரும் ஒரு வரிசையில் சுகமாகப் போய்விடுவீர்கள். நான் மற்ற வரிசையில், கேள்வி கேட்கப்படுகிறவர்களோடு நிற்பேன். ஜெரோம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிறீமோடு நின்று கை காட்டுவான். சிறையில் இருக்கிற தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளை மாதிரி.

கடைசியில் ஒருவழியாகச் சோதனை பாஸ். கொமூனவில் இருந்து (நகரசபையைத்தான் நாங்கள் எல்லாரும் அப்படிச் சொல்கிறோம்) விழாவுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு மேயரின் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். வெறுங்கையோடு, நேருக்கு நேராக. அந்தக் கைகுலுக்கல் இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை. சட்டமே அப்படித்தான். இத்தனை வருடம் வேலை செய்து, வரி கட்டி, சோதனைக்குப் படித்து, எல்லாம் முடிந்தபின் முழுக் காரியமும் ஒரு மனிதர் கையை நீட்டுகிறாரா இல்லையா என்பதில் வந்து நின்றது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அலுமாரிக் கைபிடியைப் பிடித்துக் குலுக்கிப் பழகினேன். மேயருக்குக் கையில் காயம் வந்தால் என்ன நடக்கும், அவர் அன்று காய்ச்சலில் படுத்தால் என்ன நடக்கும் என்று அம்மாவைக் கேட்டுக்கேட்டு, அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்குப் போய்விட்டா.

அந்த நேரத்தில்தான் கொமூனவில் இருந்து கிர்ஸ்தன் என்ற பெண் ரெலிபோன் எடுத்தார். விழாவை ஒழுங்குசெய்பவர் அவர்தான். புதுக் குடிமக்கள் சார்பில் நான் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். ஏன் என்னை? கோடையில் நடந்த நகரத் திருவிழாவில் எங்கள் தமிழ்ச் சங்கம் போட்ட ரோல்ஸ் பலகாரக் கடைக்கு நான் ஆள் கூப்பிட்டதை அவர் கேட்டிருந்தாராம். ஒலிவாங்கி இல்லாமலே குரல் துறைமுகம்வரை வந்ததாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓம் என்றுவிட்டேன்.

இரண்டு நாளில் நிகழ்ச்சி நிரல் வந்தது. பாட்டு. மேயர் உரை. புதுக் குடிமகன் இரண்டு வார்த்தை. கைகுலுக்கல். கோப்பி. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜெபம் இல்லை.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நான் மன்னாரில் வளர்ந்தவன். அங்கே மீனவர் சங்கக் கூட்டமோ, விளையாட்டுப் போட்டியோ, தேர்தலில் வென்றவர் வந்து மதகு திறக்கிறதோ, எதுவாக இருந்தாலும் முதலில் எல்லாரும் எழும்பி நிற்பார்கள்; பங்குச் சுவாமி ஜெபம் சொல்லுவார். சுவாமி வராவிட்டால் குரல் பெரிய ஆள் ஒருவர் சொல்லுவார். பெரும்பாலும் அது நான்தான். இங்கே டென்மார்க்கிலும் எங்கள் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிக்கிறவன் நான். நாட்டுக்காக, தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக நான் ஒவ்வொன்றாகக் கேட்க, சனம் முழுவதும் ஒரே குரலில் "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றால் என் வாய் தானாக அந்தப் பக்கம்தான் திரும்பும்.

சரி, ஜெபத்தை மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? கொடியிலே சிலுவை. கடவுச்சீட்டைத் திறந்தால் உள்ளே இயேசு. (அம்மாவின் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பழைய கல்லில் செதுக்கிய இயேசு, கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.) கடவுச்சீட்டுக்குள்ளேயே ஆண்டவரை வைத்திருக்கிற நாட்டில், அந்தக் கடவுச்சீட்டைத் தருகிற விழாவுக்கு அவரைக் கூப்பிடாமல் விடலாமா? விட்டுவிட்டு, மேயரின் கை எனக்கு நீளாமல் போனால்?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கறி கிண்டியபடியே சொன்னா: "இஞ்சேருங்கோ, அவை கேட்டது ரெண்டு வார்த்தை. வணக்கம் ஒண்டு, நன்றி ஒண்டு. சரியா ரெண்டு. சொல்லிப்போட்டு இறங்கி வாங்கோ."

சிவராசா அண்ணையிடம் சொன்னேன். அவரும் நானும் ஹோர்சன்ஸில் ஒரே களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றுகிறவர்கள். அவருக்கும் அதே நாளில்தான் குடியுரிமை. அவர் துள்ளி விழுந்தார்.

"டேய் மரியதாஸ், உனக்கென்ன விசரே? நீ ஜெபம் சொன்னா பிறகு நான் தேவாரம் பாடவேணும். எனக்கு ராகமும் வராது, ஒரு கோதாரியும் வராது. என்னை மாட்டிவிடாதை."

"அண்ணை, இது கிறிஸ்தவ நாடண்ணை."

"கிறிஸ்தவ நாடோ? என்ரை பக்கத்து வீட்டுக்காரன் கோயிலுக்குப் போனது ஒரு ஞானஸ்நானத்துக்கு. அதுவும் அவன்ரை ஞானஸ்நானத்துக்கு."

அனீற்றா, நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் முகத்தைப் பார்த்தே உனக்கு விளங்கிவிட்டது. அரைப் பக்கத்தில் அழகான டேனிஷ் உரை ஒன்று எழுதித் தந்தாய். "இதை மட்டும் வாசி, அப்பா. ஜெபம் கிபம் ஒன்றும் வேண்டாம். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை" என்றாய். (டேனிஷில் தகப்பனுக்கும் 'நீ'தான். அதனால் எனக்கு அது இன்னும் கொஞ்சம் கூடச் சுட்டது.) நான் தலையாட்டினேன். நீ பள்ளிக்கூடம் போனதும் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மன்றாட்டு எழுதினேன்.

தமிழில் எழுதியிருந்தால் இத்தனை சேதம் வந்திராது. டேனிஷில் எழுதினேன். என் டேனிஷ் களஞ்சியசாலை டேனிஷ். தூக்கு, இறக்கு, அங்கே வை, கெதியாய்ச் செய், இடித்துப்போடாதே: இந்த வகை வார்த்தைகள்தான் எனக்குத் தடையில்லாமல் வரும். கடவுளிடம் பணிவாகக் கேட்கிறேன் என்று நினைத்து நான் எழுதியது, பின்பக்கமாக லொறியை எடுக்கச் சொல்லுகிற மாதிரித்தான் இருந்தது. அது எனக்கு அன்று தெரியாது.

விழா நாள் வந்தது. செப்ரெம்பர் மாதம், நல்ல வெயில். மேசைகளில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள். போலந்துக்காரர், ஆங்கிலேயர், ஈராக்கில் இருந்து வந்த சமீரா என்ற பெண் (முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், நீல முக்காடு போட்டிருந்தார்), நெற்றியில் திருநீற்றோடு சிவராசா அண்ணை, புதுக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு நான். முன்வரிசையில் கழுத்தில் சங்கிலியோடு மேயர். அவருக்குப் பின்னால் நகரசபை உறுப்பினர்கள். கடைசி வரிசையில் அம்மாவும் நீங்கள் இருவரும்.

முதலில் எல்லாரும் தாளைப் பார்த்துப் பாட்டுப் படித்தார்கள். அந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் கடவுள் வந்தார். நான் திரும்பிச் சிவராசா அண்ணையைப் பார்த்து, 'பார்த்தீர்களா?' என்பதுபோல் கண்ணைக் காட்டினேன். இந்த நாட்டில் கடவுளைப் பாடலாம், ஆனால் பேசக்கூடாது என்று எனக்கு யார் சொல்லித் தந்தது?

மேயர் பேசி முடித்தார். கிர்ஸ்தன் என் பெயரைச் சொன்னார். நான் மேடைக்குப் போனேன். கையில் உன்னுடைய தாள், அனீற்றா. சத்தியமாக முன்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் ஒலிவாங்கி முன்னால் இருந்தது. சனம் முன்னால் இருந்தது.

"எல்லாரும் தயவுசெய்து எழும்பி நில்லுங்கள்" என்றேன்.

எழும்பினார்கள். மேயர், உறுப்பினர்கள், படம் பிடிக்க வந்தவர், கோப்பிக் கெண்டியோடு நின்ற பெண், எல்லாரும். தேசியகீதம் வரப்போகிறது என்று நினைத்தார்கள் போல. நான் பெரிதாக ஒரு சிலுவை அடையாளம் போட்டேன். கடைசி வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. (நீதான் அது என்று பிறகு சொன்னாய்.)

"கடவுளே, அரசரைப் பார்த்துக்கொள். இடிபட விடாதே" என்று முதல் மன்றாட்டை வாசித்தேன். வாசித்துவிட்டு, வழக்கம்போலச் சனத்தின் பதிலுக்காக நிறுத்தினேன்.

பதில் இல்லை. டேனிஷ்காரரின் மௌனம் சாதாரண மௌனம் இல்லை, பிள்ளைகளே. அவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஒரு மண்டபம் முழுக்கச் சப்பாத்தைப் பார்க்கிறதை நான் அன்றுதான் கண்டேன். அப்போது, அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல், தெளிவான தமிழில் வந்தது.

"ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சிவராசா அண்ணை! திருநீறும் சந்தனமுமாக நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு! (பிறகு கேட்டதற்கு, "மடு மாதா திருவிழாவுக்கு வருசா வருசம் போன வாய், நீ இழுத்தா வருந்தானே. பழக்கதோசம்" என்றார்.)

அந்த ஒற்றைக் குரல் எனக்குத் தெம்பு தந்தது. தந்திருக்கக்கூடாது. இரண்டாவது மன்றாட்டுக்குப் போனேன். அது மேயருக்கானது. தலைவர்களுக்கு நல்ல ஞானத்தைக் கேட்பது வழக்கம். வெறுமனே ஞானம் என்று கேட்டால் கடவுளுக்கு எந்த விஷயத்தில் என்று தெரிய வேண்டாமா? ஆகவே நான் ஒரு உதாரணமும் சேர்த்திருந்தேன். நான் காலையில் வேலைக்குப் போகிற பஸ். அந்த மாதம் அந்த பஸ்ஸை நிறுத்துகிறதா இல்லையா என்று நகரசபை கிடந்து அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது அரசியல் என்று தெரியாது. எனக்கு அது பஸ்.

"கடவுளே, எங்கள் மேயருக்கு மூளையைக் கொடு. கெதியாய்க் கொடு. காலைப் பஸ்ஸை அவர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்."

"ஆமென்!"

இந்த முறை அது சிவராசா அண்ணை இல்லை. இரண்டாம் வரிசையில் இருந்த எதிர்க்கட்சி அம்மா ஒருவர், சிவப்புச் சால்வை போட்டவர், மேயருக்கு நேரே பின்னால் நின்று, மேசையில் தட்டாத குறையாகச் சொன்னார். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. மேயரின் காது இரண்டும் கொடியின் சிவப்புக்கு மாறின. அவருக்கு இந்தப் பக்கம் இருந்த உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஜெபம் சொல்லப் போய், நகரசபையை இரண்டாகப் பிளந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. இன்னும் சில நிமிடத்தில் எனக்காக நீளவேண்டிய கை. அதற்குச் சொந்தக்காரருக்கு மூளை இல்லை என்று, அவருடைய சொந்த மண்டபத்தில், அவருடைய ஒலிவாங்கியில், கடவுளைச் சாட்சியாக வைத்து அறிவித்துவிட்டு நிற்கிறேன்.

மூன்றாவது மன்றாட்டும் இல்லை, உன் உரையும் இல்லை, அனீற்றா. நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். இறங்கும்போது எல்லாரையும் கதிரையில் இருக்கச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல ஒழுங்கான சனம். நிற்கச் சொன்னவன் இருக்கச் சொல்லும்வரை நிற்கிறது. நான் என் கதிரையில் இருந்துவிட்டேன். மண்டபம் முழுக்க நிற்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கிர்ஸ்தன்தான் ஓடிவந்து எல்லாரையும் இருக்க வைத்தார்.

பிறகு வரிசை. சிவராசா அண்ணை எனக்குப் பின்னால் நின்றுகொண்டு காதுக்குள் குசுகுசுத்தார்.

"நீ கெட்டது காணாதெண்டு என்னையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டாய். ரெண்டு பேரையும் ஒரு கட்சியெண்டு நினைக்கப்போறான்."

"அண்ணை, பேசாமல் நில்லுங்கோ."

"அவன் உனக்குக் கை தராட்டி, நான் உன்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போடுவன். சொல்லிப்போட்டன்."

வரிசை குறையக் குறைய என் கை வேர்த்தது. காற்சட்டையில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க இன்னும் வேர்த்தது. அம்மா தூரத்தில் செபமாலை உருட்டுவது தெரிந்தது. (கோப்பிக் கரண்டி என்று அம்மா சொல்லுவா. நம்பவேண்டாம்.) இன்றைக்கும் இல்லையென்றால் இனி எந்த முகத்தோடு அடுத்த விழாவுக்கு வருவது? விமான நிலையத்தின் அந்தக் கண்ணாடி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

என் முறை வந்தது. மேயர் என்னைப் பார்த்தார். கை நீளவில்லை. ஒரு கணந்தான்; எனக்கு அது ஒரு தவக்காலம் முழுவதும் போலிருந்தது. பிறகு நீட்டினார். நான் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். ஆயருடைய மோதிரத்தை முத்தமிட்டுப் பழகிய முதுகு, என்னைக் கேளாமல் தானாக வளையத் தொடங்கியது. பாதி வழியில் கடைசி வரிசையிலிருந்து "நை, ஃபார்!" என்று ஒரு அலறல். வேண்டாம் அப்பா! அந்தக் குரலுக்கு நான் நிமிர்ந்தேன், அனீற்றா. அந்த ஒன்றுக்காக உனக்கு எப்போதும் கடன்பட்டிருக்கிறேன்.

மேயர் என் கையை விடாமல், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பஸ் விஷயத்தில் கடவுளிடம் போகமுன் என்னிடம் வந்திருக்கலாம். என்னைச் சந்திப்பது அவ்வளவு கஷ்டமில்லை." சொல்லிவிட்டுக் கையைக் குலுக்கினார். நன்றாக, முழங்கை ஆடக் குலுக்கினார். நான் டென்மார்க் குடிமகன் ஆனேன்.

கோப்பி குடிக்கிற இடத்தில் எல்லாரும் என்னைச் சுற்றிச் சிரித்தார்கள். எதிர்க்கட்சி அம்மா வந்து தோளில் தட்டினார். தான் கடவுளை நம்புவதில்லை என்றும், அது நல்ல ஜெபம் என்றும் சொன்னார். சமீராவும் வந்தார். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு, சிரித்தபடிதான் சொன்னார்.

"நீ செய்ததற்குச் சிரிக்கிறார்கள். நான் மேடையில் ஏறி எல்லாரையும் எழும்பச் சொல்லி, என் ஜெபத்தைச் சொல்லியிருந்தால்?"

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. கொடியில் சிலுவை இருக்கிறது என்ற ஒரே துணிவில், நான் அவரையும் எழும்பச் சொல்லியிருக்கிறேன். அவரும் எழும்பினார். எழும்பாமல் இருக்க அன்று அவருக்கு வழி இருந்ததா? அவருக்கும் அந்தக் கை நீளவேண்டியிருந்ததே.

மிச்சமெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாளில் நான் பேசத் தொண்டையைச் செருமினால் நீங்கள் இரண்டுபேரும் எழும்பி நிற்கிறீர்கள். களஞ்சியசாலையில் நான் மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டால், பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து சிவராசா அண்ணை "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறார். பஸ் திங்கள் முதல் வெள்ளிவரை தப்பியது. சனி ஞாயிறில் நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கில் கடவுளும் வார நாட்களில்தான் வேலை செய்கிறார் என்று, அனீற்றா, நீ சொல்லித் திரிகிறாய்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலையில், எனக்கு லீவு. தொலைக்காட்சியைப் போட்டேன். அன்று பாராளுமன்றம் திறக்கிற நாள். மந்திரிகளும் உறுப்பினர்களும் வரிசையாகக் கோவிலுக்குள் போகிறார்கள்! நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அடே, இவர்களும் ஜெபத்தோடுதானே தொடங்குகிறார்கள்! உடனே எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்து, 'பார்த்தீர்களா?' என்று கேட்கவேண்டும் போலிருந்தது. எடுக்கவில்லை. தொடர்ந்து பார்த்தேன். கோவிலுக்குள் போக விரும்பியவர்கள் போனார்கள். விரும்பாதவர்கள் போகவில்லை, அவர்களை யாரும் எழும்பச் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் போனவர்கள் வெளியே வந்தார்கள், நடந்தார்கள், பாராளுமன்றத்துக்குள் போனார்கள். ஜெபம் ஒரு கட்டிடத்தில், அரசியல் இன்னொரு கட்டிடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. நான் அந்த நடையைத்தான் விட்டுவிட்டேன்.

யன்னல் திரையை இழுத்து மூடினேன். தொலைக்காட்சியை நிறுத்தினேன். சிலுவை அடையாளம் போட்டு, மேயருக்காகவும், அந்த எதிர்க்கட்சி அம்மாவுக்காகவும், சமீராவுக்காகவும், உங்களுக்காகவும் தமிழில், மெதுவாக, பணிவாகக் கேட்டேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நகரசபைக்கு நடந்தேன். அன்று பின்னேரம் வரவுசெலவுக் கூட்டம். பார்வையாளர் யாரும் போய் இருக்கலாம் என்று கதவில் எழுதியிருந்தது. இத்தனை வருடமும் நான் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. உள்ளே பார்வையாளர் கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கடைசி வரிசையில் போய் இருந்தேன். பஸ் விஷயம் வரும்வரை, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன்.